கருப்பு அட்டைக்குள் 42 நிமிடங்கள்

1980 பிப்ரவரி நடுவில், லண்டனில் ஓர் ஒத்திகைக் கூடத்தில் மால்கம் யங்கும் அவர் தம்பி ஆங்கஸ் யங்கும் அடுத்த ஆல்பத்துக்கான கிட்டார் பகுதிகளைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஏசி/டிசி பேண்டின் பாடகர் பான் ஸ்காட் உள்ளே வந்தார். மைக் பக்கம் போகாமல் டிரம்ஸின் பின்னால் உட்கார்ந்தார். வாலிபத்தில் டிரம்ஸ் வாசித்தே இசைக்கு வந்தவர் அவர். சகோதரர்கள் கிட்டாரில் தேட, அவர் தாளம் பிடித்துக் கொடுத்தார். பாட்டு வரிகளைப் பிறகு எழுதலாம் என்பது ஏற்பாடு. அந்த வேலை நடக்கவில்லை. பிப்ரவரி 19 அன்று, தென் லண்டனில் நிறுத்தியிருந்த ஒரு காரில் நினைவின்றிக் கிடந்தவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். உயிர் ஏற்கெனவே பிரிந்திருந்தது. அளவுக்கு மிஞ்சிய குடியே காரணம் என்று விசாரணை முடிவு சொன்னது. வயது 33.

அந்தச் சாவு பேண்டைத் தாக்கிய நேரம் கொடுமையானது. கிளாஸ்கோவில் பிறந்து 1963இல் பெற்றோருடன் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்த யங் சகோதரர்கள், 1973இல் சிட்னியில் தொடங்கிய குழு அது. மது விடுதிகளிலும் சிறு அரங்குகளிலும் பல ஆண்டு உழைத்த பிறகு, 1979இல் வந்த 'ஹைவே டு ஹெல்' ஆல்பம்தான் அமெரிக்கப் பட்டியலில் அவர்களை 17ஆம் இடத்துக்குக் கொண்டுவந்திருந்தது. கதவு திறந்த வேளையில் முன்னால் நின்றவர் விழுந்துவிட்டார்.

ராக் பேண்டில் கிட்டார்காரரோ டிரம்மரோ மாறினால் ரசிகர்களில் பாதிப் பேர் பெயர்ப் பட்டியலைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார்கள். குரல் அப்படியில்லை. முதல் வரியிலேயே ஆள் மாறியது தெரிந்துவிடும். அதனால் பாடகர் போன பிறகு வரும் ஆல்பம் இசைத்தொழிலில் மிகக் கடினமான வேலைகளில் ஒன்று. அதற்கு முன் அதைச் செய்தவர்கள் ஆளுக்கொரு வழி கண்டார்கள். ஜெனிசிஸ் பேண்டை விட்டுப் பீட்டர் கேப்ரியல் போனதும் வெளியில் ஆள் தேடிச் சலித்து, கடைசியில் டிரம்மர் பில் காலின்ஸையே பாடவைத்து 1976இல் 'எ ட்ரிக் ஆஃப் தி டெயில்' கொண்டுவந்தார்கள். பிளாக் சபாத் எதிர்த் திசையில் போனது. அதன் பாடகர் ஆஸி ஆஸ்போர்ன் கிட்டார் ரிஃப்பின், அதாவது திரும்பத் திரும்ப வரும் கிட்டார் தொடரின், மேலேயே குரலை நடத்திச் செல்பவர். அவருக்குப் பதில் வந்த ரோனி ஜேம்ஸ் டியோ ரிஃப்பைக் குறுக்கே வெட்டித் தனி மெட்டாகப் பாடுபவர். கிட்டார்காரர் டோனி ஐயோமி அதற்கேற்ப இசையின் போக்கையே மாற்றிக்கொண்டார். அதே 1980இல் வந்த 'ஹெவன் அண்ட் ஹெல்' அருமையான ஆல்பம். ஆனால் கேட்பவருக்கு அது வேறொரு பேண்ட்.

மால்கம் யங் இரண்டையும் செய்யவில்லை. பேண்டின் அச்சு அவருடைய வலது கையில் இருந்தது. மேடையில் பள்ளிச் சீருடையில் குதித்து ஓடுபவர் ஆங்கஸ். பின்னால் ஆம்ப் அருகே அசையாமல் நின்று தாளக் கிட்டார் வாசித்து எல்லாரையும் இழுத்துச் செல்பவர் மால்கம். இறுதிச் சடங்குக்காக மேற்கு ஆஸ்திரேலியாவின் ஃப்ரீமேண்டல் போனபோது, பானின் தந்தை சகோதரர்களிடம் நிறுத்திவிடாதீர்கள், தொடருங்கள் என்று சொன்னார். லண்டன் திரும்பியதும் மால்கம் தம்பியைக் கூப்பிட்டு, துக்கத்தோடு சும்மா உட்கார்ந்திருப்பதைவிட விட்ட இடத்திலிருந்து பாட்டுக் கட்டலாம் என்றார். பாடகர் கிடைப்பதற்கு முன்பே ரிஃப்கள் தயாராகத் தொடங்கிவிட்டன. இந்த வரிசைதான் முக்கியம். புதிதாக வருகிறவர் ஏறிக்கொள்ள வண்டி ஓடிக்கொண்டே இருந்தது.

ஏறியவர் பிரையன் ஜான்சன். வடகிழக்கு இங்கிலாந்தில் கேட்ஸ்ஹெட் பக்கத்து டன்ஸ்டன் ஊர்க்காரர். தந்தை படைவீரர், தாய் இத்தாலியப் பெண். பார்சன்ஸ் டர்பைன் தொழிற்சாலையில் தொழில் பழகியவர். 'ஜோர்டி' என்ற பேண்டோடு 1973இல் பிரிட்டிஷ் பட்டியலில் முதல் பத்துக்குள் ஒரு பாட்டைக் கொண்டுவந்தார். பிறகு அந்தப் புகழ் வடிந்தது. 1980இல் அவருக்கு வயது 32. கார்களுக்கு வினைல் கூரை ஒட்டும் சிறு பட்டறை நடத்திக்கொண்டு, வார இறுதிகளில் உள்ளூர் மன்றங்களில் பாடிக்கொண்டிருந்தார். இன்றைக்கு அவர் அடையாளமாகிவிட்ட அந்தத் துணித் தொப்பிகூட அந்த நாட்களில் வந்ததுதான். பட்டறையிலிருந்து நேரே பாட வருபவரின் கண்ணில் வியர்வையும் பசையும் இறங்கக்கூடாது என்று அவர் தம்பி கொடுத்தது.

பேண்டின் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் அழைத்தார். எந்த பேண்ட் என்று முதலில் சொல்ல மறுத்தவர், வற்புறுத்தியதும் முதலெழுத்துகளை மட்டும் உளறிவிட்டார். லண்டனுக்குப் போய்வரும் செலவு ஜான்சனுக்குப் பெரிது. அதே பயணத்தில் ஒரு வாக்குவம் கிளீனர் விளம்பரத்துக்குப் பாடும் வாய்ப்பும் சேர்ந்து வந்ததால்தான் கிளம்பினார். போய்ச் சேர்ந்தவர் மாடிக்குப் போகாமல், கீழே உதவியாளர்களோடு பில்லியர்ட்ஸ் மேசையில் ஆடிக்கொண்டு நின்றார்; மேலே பேண்ட் காத்திருந்தது. கடைசியில் உள்ளே வந்தவர் கையில் மால்கம் அவருடைய ஊர் பியரான நியூகாசில் பிரவுன் ஏல் பாட்டிலைக் கொடுத்தார். அந்தச் சிறு உபசரணையின் அருமையைத் தேர்வுக்குப் போய் நின்ற எந்தக் கலைஞரும் அறிவார். முதலில் டீனா டர்னர் பாடிய 'நட்புஷ் சிட்டி லிமிட்ஸ்' பாடினார். அடுத்து பேண்டின் சொந்தப் பாட்டான 'ஹோல் லாட்டா ரோஸி'. வேறு பலரையும் கேட்டுப் பார்த்துச் சோர்ந்திருந்த சகோதரர்களுக்கு அப்போது முகம் மலர்ந்தது.

இதில் நெஞ்சைத் தொடும் ஒரு செய்தி உண்டு. ஜான்சனின் பெயரை அந்த பேண்டில் முதலில் சொன்னவர் பான் ஸ்காட்தான். 1973இல் தன் பழைய பேண்டோடு இங்கிலாந்தில் சுற்றிக்கொண்டிருந்தபோது ஜோர்டியின் நிகழ்ச்சியைப் பார்த்தார். அந்தப் பாடகர் தரையில் உருண்டு உயிர் போகிற மாதிரி கத்தியதை வியந்து யங் சகோதரர்களிடம் பேசினார். ஜான்சன் அன்று உருண்டது நடிப்பில்லை, குடல்வால் அழற்சி. வலியோடு பாடி முடித்து மருத்துவமனைக்குப் போனார்.

ஏப்ரல் தொடக்கத்தில் புதுப் பாடகர் பெயர் அறிவிக்கப்பட்டது. சில நாட்களில் எல்லாரும் பஹாமாஸ் தீவில் நாசாவ் நகரை அடுத்த காம்பஸ் பாயிண்ட் ஒலிப்பதிவுக் கூடத்தில் இருந்தார்கள். ஐலண்ட் ரெக்கார்ட்ஸ் நிறுவனர் கிறிஸ் பிளாக்வெல் 1977இல் கட்டிய இடம் அது. படத்தில் பார்த்தால் சொர்க்கம். இவர்கள் போன வேளையில் மழையும் புயலும். கருவிகள் சுங்கத்தில் மாட்டிக்கொண்டன. மின்சாரம் போய்ப் போய் வந்தது. தங்கிய இடத்தில் திருட்டுப் பயம் என்று வீட்டுக்காரம்மா ஆறடி மீன் ஈட்டிகளைக் கையில் கொடுத்தார். கூடத்துக்குள் நண்டுகள் நடந்து வந்தன.

தயாரிப்பாளர் ராபர்ட் ஜான் 'மட்' லாங். 'ஹைவே டு ஹெல்' அவர் கைவண்ணம். பொறியாளர் டோனி பிளாட். லண்டனின் ட்ரைடன்ட், ஐலண்ட் கூடங்களில் தேறியவர். பாப் மார்லியின் 'கேட்ச் எ ஃபயர்', 'பர்னிங்' ஆல்பங்களில் வேலை செய்தவர். 'ஹைவே டு ஹெல்'லை மிக்ஸ் செய்தவரும் அவர்தான். 'பேக் இன் பிளாக்' என்ற இந்த ஆல்பத்தின் கதையைச் சொல்கிறவர்கள் பாடகரோடு நின்றுவிடுகிறார்கள். அந்த இரண்டு மாதங்களில் பிளாட் செய்த வேலையைச் சொல்லாமல் கதை முழுமை பெறாது.

காம்பஸ் பாயிண்ட் அறை பெரிய எதிரொலி தரும் மண்டபமில்லை. பிளாட் ஒரு ஸ்னேர் டிரம்மைக் கையில் எடுத்துக்கொண்டு அறை முழுவதும் நடந்து நடந்து தட்டிப் பார்த்தார். ஓர் இடத்தில் மட்டும் ஓசை தடித்து, வயிற்றில் இறங்கியது. டிரம்ஸை அங்கேயே போடச் சொன்னார். கேட்டால் எளிய வேலையாகத் தெரியும். ஆனால் பதிவில் பாதி வெற்றி மைக்கை வைக்கும் முன்னரே முடிவாகிவிடுகிறது. அறையில் நல்ல ஓசை இல்லாவிட்டால் பிறகு எந்தப் பெட்டியைப் போட்டாலும் அது ஒப்பனைதான். பிளாட் நம்பியது காற்றை. டிரம்ஸ் ஓசை அறையில் பரவி வரும் தூரத்தையும் சேர்த்துப் பிடித்தார். செயற்கை எதிரொலியை மேலே கொட்டவில்லை. அதனால்தான் இன்றும் அந்தத் தட்டு, கேட்பவர் பக்கத்தில் நின்று அடிக்கிற மாதிரி இருக்கிறது.

கிட்டார்களிலும் அதே நேர்மை. மால்கமின் கையில் கிரெட்ச், ஆங்கஸின் கையில் கிப்சன் எஸ்ஜி, இரண்டும் மார்ஷல் ஆம்ப்களில். ராக் என்றால் ஓசையைப் பிளந்து கரகரவென்று முறுக்கவேண்டும் என்று நினைப்பவர்கள் மால்கமைத் தனியாகக் கேட்டால் வியப்பார்கள். கிட்டத்தட்ட சுத்தமான ஓசை. தடித்த கம்பிகள், பலத்த வீச்சு, ஆம்ப்பில் அளவான முறுக்கம், அவ்வளவுதான். தம்பியின் கிட்டாரில் கூடுதல் கூர்மை உண்டு. மேடைக்காக அவர் வைத்திருந்த ஷாஃபர்-வேகா வயர்லெஸ் கருவி, ஓசையை அமுக்கி அனுப்பி, பெறும் முனையில் விரித்துத் தரும். அந்தப் பயணத்தில் ஓசைக்கு ஒரு பளபளப்பு ஏறியது. கம்பியில்லாமல் ஓடியாட வாங்கிய கருவியைக் கூடத்துக்குள்ளும் பயன்படுத்தினார்கள். பல ஆண்டுகள் கழித்துக் கிட்டார் ஆர்வலர்கள் அந்த ஓசையைத் தேடி அலைந்து, காரணம் இந்தப் பெட்டி என்று கண்டுபிடித்துப் புதிதாகச் செய்து விற்கவும் தொடங்கினார்கள்.

ஆல்பத்தின் பெயரைத் தாங்கிய 'பேக் இன் பிளாக்' பாட்டின் ரிஃப் மால்கமுடையது. முந்தைய சுற்றுப்பயணத்திலேயே ஒரு கேசட்டில் போட்டு வைத்திருந்தார். இது தேறுமா, அழித்துவிடவா என்று தம்பியிடம் கேட்டாராம். ஈ, டி, ஏ என்று மூன்றே கார்டுகள். கிட்டார் பிடித்து ஆறு மாதமான பையனும் வாசித்துவிடலாம். வாசிக்க முடியாதது அவற்றுக்கு இடையிலுள்ள மௌனம். கார்டு விழுகிறது, உடனே கை கம்பியை அடைக்கிறது. அந்தக் காலி இடத்தில் டிரம்மர் ஃபில் ரட்டின் ஹை-ஹேட் மட்டும் நடக்கிறது. கிளிஃப் வில்லியம்ஸின் பேஸ், தன்னைக் காட்டிக்கொள்ளாமல் அடிக்குரலைப் பிடித்து நிற்கிறது. ரட் ஓரிடத்திலும் அவசரப்படுவதில்லை. தேவையில்லாத உருட்டல் ஒன்றுகூட இல்லை. எல்லாரும் ஒரே அறையில் சேர்ந்து வாசித்துத் தளத்தைப் பதிவு செய்ததால், அந்த இடைவெளிகளை நால்வரும் ஒன்றாக மூச்சு விடுவதுபோல் விடுகிறார்கள். பழைய பாடகர் காலத்து பேண்டின் உடம்பு இதுதான். அதை ஒரு மயிரிழைகூட அசைக்கவில்லை. இந்த ஆல்பத்தின் வெற்றிக்கு எதைவிடவும் பெரிய காரணம் இதுவே.

இவ்வளவு உறுதியான தளத்தின் மேல் புதியவர் நிற்கவேண்டும். அவருக்கோ நடுக்கம். இரவில் அறையில் உட்கார்ந்து, மறுநாள் பாடவேண்டிய பாட்டுக்கு வரிகள் எழுதவேண்டும். பான் ஸ்காட் தெருக்கதை சொல்லியைப் போல வரி எழுதுபவர், கண்ணைச் சிமிட்டிப் பேசுகிற மாதிரி பாடுபவர். அந்த நாற்காலியில் உட்காருகிறோம் என்ற எண்ணமே ஜான்சனை அழுத்தியது. சகோதரர்கள் பெரும்பாலும் தலைப்பை மட்டும் கொடுப்பார்கள். 'பேக் இன் பிளாக்' பானுக்கான பாட்டு, ஆனால் ஒப்பாரியாக இருக்கக்கூடாது, கொண்டாட்டமாக இருக்கவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். 'ஹெல்ஸ் பெல்ஸ்' எழுத உட்கார்ந்த நேரத்தில் வெளியே புயல். வெளியில் நடப்பதை எழுது என்று லாங் தூண்டினார். பாட்டின் முதல் பகுதியில் இடியும் மழையும் மின்னலும் வந்தது அப்படித்தான்.

குரல் பதிவில் லாங் இரக்கமற்றவர். ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் பாடவைப்பார். மூச்சு எங்கே எடுக்கிறார், கேட்பவர் காதுக்கு அது நம்பும்படி இருக்கிறதா என்றுகூடப் பார்ப்பார். ஜான்சனின் குரல் மேல் ஸ்தாயியில், தொண்டை கிழியும் விளிம்பில் நிற்பது. அந்த விளிம்பில் ஒரு நாள் முழுக்க நிற்பது உடல் உழைப்பு. ஆனால் ஒன்றை லாங் கேட்கவில்லை: பானைப் போலப் பாடு என்று. இது தயாரிப்பாளரின் பெருந்தன்மை மட்டுமில்லை, தெளிந்த தொழிலறிவு. நகலைக் கேட்கும் ரசிகர் வித்தியாசத்தைத் தேடுவார். புதுக் குரலைக் கேட்கும் ரசிகர் பாட்டைக் கேட்பார்.

பத்தாவது பாட்டு கைவசம் இல்லாமல் கடைசியில் அங்கேயே உட்கார்ந்து கட்டியதுதான் 'ராக் அண்ட் ரோல் எய்ன்ட் நாய்ஸ் பொலூஷன்'. ஆல்பத்தின் மிக நிதானமான, மிக நல்ல பாட்டுகளில் ஒன்று அவசரத்தில் பிறந்தது.

குறையும் சொல்லவேண்டும். முதல் பக்கத்தின் பின்பாதியில் வரிகள் சறுக்குகின்றன. பான் ஸ்காட்டும் கொச்சையாக எழுதியவர்தான். ஆனால் அவருடைய கொச்சையில் தன்னையும் பார்த்துச் சிரிக்கும் ஒரு மனிதர் இருந்தார். இங்கே அந்த மனிதர் இல்லை, இரட்டை அர்த்தம் மட்டும் மிஞ்சுகிறது. பெண்களைப் பற்றிய பார்வை இன்று கேட்கையில் உறுத்துகிறது. அந்தப் பாட்டுகளையும் ரட்டும் மால்கமும் தூக்கி நிறுத்துகிறார்கள் என்பது அவர்கள் திறமை. வரிகளுக்கு அது மன்னிப்பாகாது.

பிறகு மணி. 'ஹெல்ஸ் பெல்ஸ்' தொடக்கத்தில் ஒரு கோயில் மணி முழங்கவேண்டும் என்று முடிவானதும் பிளாட் இங்கிலாந்துக்குப் பறந்தார். லஃபபரோ நகரில் முதல் உலகப் போரில் இறந்தவர்களுக்காக 1923இல் எழுப்பிய மணிக் கோபுரத்தில் 47 மணிகள் உண்டு. நடமாடும் ஒலிப்பதிவு வண்டியை நிறுத்தி முயன்றார்கள். அடிக்கும்போதெல்லாம் கோபுரத்தில் குடியிருந்த பறவைகள் படபடவென்று கிளம்பின. அந்தச் சிறகோசையைப் பிரித்தெடுக்க வழியில்லை. அதே ஊரில் ஜான் டெய்லர் வார்ப்பகம், சுற்றுப்பயணத்தில் மேடைக்குக் கொண்டுபோக பேண்டுக்கென்றே 2,000 பவுண்டு எடையில், அதாவது 900 கிலோவுக்கு மேல், ஒரு வெண்கல மணி வார்த்துக்கொண்டிருந்தது. அதைச் செய்தவர்களையே அடிக்கச் சொல்லி வார்ப்பகத்திலேயே பதிவு செய்தார் பிளாட். சுத்தியலை எங்கே, எவ்வளவு பலத்தில் இறக்கினால் மணி பேசும் என்பது அவர்களுக்குத்தானே தெரியும்.

நியூயார்க்கில் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் கட்டிய எலெக்ட்ரிக் லேடி கூடத்தில் மிக்ஸிங் நடந்தது. அட்டை முழுக் கருப்பாக, துக்கத்தின் அடையாளமாக இருக்கவேண்டும் என்று பேண்ட் கேட்டது. கடையில் யாருக்கும் தெரியாது என்று நிறுவனம் தயங்கியது. கடைசியில் பேண்டின் பெயரை மெல்லிய சாம்பல் கோட்டில் வரைய ஒப்புக்கொண்டார்கள். 1980 ஜூன் 29 அன்று பெல்ஜியத்தின் நமூர் நகரில் ஜான்சன் முதல் முறை இந்த பேண்டோடு மேடையேறினார். ஜூலை இறுதியில் ஆல்பம் வந்தது. பத்துப் பாட்டுகள், 42 நிமிடம். பிரிட்டனில் முதல் இடம், அமெரிக்காவில் நான்காம் இடம். அமெரிக்காவில் மட்டும் 2 கோடியே 50 லட்சம் பிரதிகள் என்று 2019இல் சான்று வழங்கினார்கள்.

அதே ஆட்கள், அதே தயாரிப்பாளர் சேர்ந்தால் அதே விளைவு வரும் என்றும் சொல்ல முடியாது. அடுத்த ஆல்பத்துக்குப் பாரிஸ் போனார்கள். டிரம்ஸ் ஓசைக்கு ஏற்ற இடம் தேடுவதிலேயே நாட்கள் கரைந்தன. லாங்கின் நுணுக்கம் நாசாவில் பேண்டின் வேகத்தோடு ஒத்துப்போனது. பாரிஸில் அது வேகத்தைத் தின்றது. 1981இல் வந்த அந்த ஆல்பம் அமெரிக்காவில் முதல் இடம் பிடித்தது, ஆனால் தலைப்புப் பாட்டைத் தவிர இன்று பேசுவோர் குறைவு. லாங்கும் பேண்டும் அதோடு பிரிந்தார்கள்.

ஆள் மாற்றம் பிறகும் வந்தது, இந்தமுறை அச்சிலேயே. 2014இல் மறதிநோயால் மால்கம் விலகினார். அவர் இடத்துக்கு வந்தவர் அண்ணன் மகன் ஸ்டீவி யங். 1988இலும் ஒரு சுற்றுப்பயணத்தில் சித்தப்பாவுக்குப் பதில் நின்றவர். 2016இல் காது முழுதும் செவிடாகும் அபாயம் என்று மருத்துவர்கள் எச்சரித்ததால் ஜான்சன் மேடையிலிருந்து இறங்க, பாடகர் ஆக்சல் ரோஸ் வந்து பயணத்தை முடித்துக் கொடுத்தார். 2017 நவம்பர் 18 அன்று மால்கம் இறந்தார். ஆங்கஸ், அண்ணனும் தானும் சேர்த்து வைத்திருந்த பழைய ரிஃப்களை எடுத்துக்கொண்டு, ஜான்சன், ரட், வில்லியம்ஸ், ஸ்டீவி ஆகியோரோடு வான்கூவரில் உட்கார்ந்தார். 2020 நவம்பரில் 'பவர் அப்' வந்தது. பன்னிரண்டு பாட்டுகள்; ஒவ்வொன்றிலும் இயற்றியவர்கள் ஆங்கஸ் யங், மால்கம் யங் என்றே இருக்கிறது.

'பேக் இன் பிளாக்'கைக் கேட்டுப் பழகியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஒருமுறை நல்ல ஹெட்ஃபோனில், பாடகரையும் தனி வாசிப்புகளையும் விட்டுவிட்டு, ஒரு பக்கக் காதில் ஓடும் மால்கமின் தாளக் கிட்டாரையும் ரட்டின் ஹை-ஹேட்டையும் மட்டும் பத்துப் பாட்டுக்கும் தொடர்ந்து பாருங்கள். அடுத்து 'ஹைவே டு ஹெல்'லை அதே மாதிரி கேளுங்கள். மாறியது எது, மாறாதது எது என்று உங்கள் காதே சொல்லும்.